நங்கையாளும் மேட்ரன் ஞானம்மாளும்

சென்ற மாதம் உங்கள் வரலாற்று ஆசிரியர் பயிலரங்கில் எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை ஒலிபெருக்கி தின்றுவிட்டது. அறையில் நாற்பத்திரண்டு நாற்காலிகள், ஆட்கள் பத்தொன்பது பேர், ஆறு மின்விசிறிகளில் ஓடியவை இரண்டு. எதையும் எண்ணிப் பார்ப்பது என் குணம். வீட்டில் இதற்குத் திட்டு வாங்காத நாளில்லை. கடைசியில் உங்களில் ஒரு தங்கை எழுந்து, "காவேரியவே தாண்டாத புள்ளைங்களுக்கு இங்கிலாந்து ராஜா கதை எதுக்குங்க சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பதில் என்னிடம் உண்டு. நல்ல பதிலா என்பதில் எனக்கே சந்தேகம் இருப்பதால், பேசாமல் எழுதி அனுப்புகிறேன்.

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வரலாறு நடத்தினேன். இங்கிலாந்து வரலாறு அப்போது ஒரு முழுத் தாள். டியூடர் வம்சம் வந்தால் வகுப்பு தானாக நிமிர்ந்து உட்காரும். ஆறு கல்யாணம் செய்து, அதில் இரண்டு மனைவியரின் தலையை எடுக்கச் சொன்ன ராஜா என்றால் யாருக்குத் தூக்கம் வரும்?

"ஆறு தடவ மொய் வெச்சவன் நெலமைய நெனச்சுப் பாருங்க சார்" என்பான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன்.

அந்தக் கதையில் ஒரு சீமாட்டி வருகிறாள். இரண்டாவது ராணியின் உடன்பிறந்தானுக்கு வாழ்க்கைப்பட்டவள். ராணிக்கும் உடன்பிறந்தானுக்கும் தகாத உறவு என்று குற்றம் சாட்டி, இருவரையும் கொன்றார்கள். பிள்ளைகள் கையில் வைத்திருந்த நோட்ஸில் அவளுக்கு ஒரே ஒரு வரி: பொறாமையால் கணவனைக் காட்டிக்கொடுத்த மனைவி. அவளுடைய ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த சுமதி என்ற மாணவி அவளுக்குப் பெயர் வைத்தாள்.

"ராணிக்கு அண்ணன் பொண்டாட்டின்னா நங்கையாதானுங்க சார்."

அண்ணியை நம் பக்கம் நங்கையாள் என்பது வழக்கம். அன்று முதல் வகுப்பில் அவள் நங்கையாள்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இன்னொரு நாள் அதே சுமதி கேட்டாள். "ராஜாவோட ஆளுங்ககிட்ட நங்கையா போனது புருஷனப் புடிக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயாங்க சார்?"

"ஏன் கேக்கற?"

"எங்கப்பா ரொம்ப வருசமா வரப்புக் கேசு நடத்தறாருங்க. எங்கூட்டுச் சோத்துல உப்பு இருக்குதோ இல்லியோ, இந்தக் கேள்வி இருக்கும்."

வகுப்பு சிரித்தது. பதிலைத் தேடி, கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய் ஒரு பெரிய நூலகத்தில் உட்கார்ந்தேன். அந்தக் காலத்து ஆவணங்களைச் சுருக்கிப் பதிப்பித்த தடித்தடியான தொகுதிகள் அங்கே இருந்தன. நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். எண்ணினேன். அன்று நடந்ததை அன்றே எழுதியவர்களில், நங்கையாளைச் சாட்சி என்று பெயர் சொன்னவர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை. பின்னால் வந்தவர்கள் பலர் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் எழுதியவரைப் பார்த்து எழுதியிருந்தார்கள். வருடம் போகப்போக விவரம் குறையாமல் கூடிக்கொண்டே வந்திருந்தது.

அவளைப் பற்றி உறுதியாகக் கிடைத்தது ஒன்று. கணவன் சிறைப்பட்ட பிறகு, ராஜாவிடம் உனக்காக மன்றாடுகிறேன் என்று அவனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள். அவனும் நன்றி சொல்லியிருக்கிறான். பின்னால் நடந்த அந்தச் சின்னக் காரியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, முன்னால் நடக்காத ஒன்றை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள்.

ஜூன் மாதம் வகுப்பில் இதைச் சொன்னதும் சுமதி கை தட்டினாள். "அப்ப நங்கையா தப்பிச்சா!"

"தப்பிக்கலை" என்று மிச்சத்தையும் சொன்னேன். சில வருடம் கழித்து அவள் ஐந்தாவது ராணிக்குத் தோழியாக இருந்தாள். அந்தச் சின்னப் பெண் அரண்மனையில் ஒருவனோடு ரகசியமாகப் பேசப் போனபோது இவள் துணை போனாள், காவல் நின்றாள். அது மெய், மறைக்க முடியாது. பிடித்துப் போட்டார்கள். சிறையில் புத்தி பேதலித்துவிட்டது. புத்தி கெட்டவர்களைக் கொல்லக் கூடாது என்று இருந்த வழக்கத்தை மாற்ற ராஜா ஒரு புதுச் சட்டமே போட்டு, ராணியைக் கொன்ற அன்றே இவளையும் கொன்றான். கொலைமேடையில் நின்று, புருஷன் மேல் பொய் சொன்னதற்கு இது தண்டனை என்று அவள் ஒப்புக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு. அங்கே நின்று பார்த்தவர் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. பின்னால் யாரோ சேர்த்தது.

"இந்த இரண்டாவது காரியம் மெய்யாக இருந்ததால் முதலாவதும் மெய் என்று ஆகிவிட்டது. முதலாவதைச் செய்தவள் இரண்டாவதைச் செய்ய மாட்டாளா என்று அதையும் பெரிதாக்கினார்கள். ஒன்றுக்கு இன்னொன்று சாட்சி" என்றேன்.

பாடம் முடிந்ததும் சுமதி எப்போதும் ஏதாவது கேலி சொல்வாள். அன்று சொல்லவில்லை. "ராணி கெஞ்சிக் கேட்டா, கூட இருக்கறவ மாட்டேன்னு எப்பிடிங்க சார் சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

விடுதியில் மேட்ரனாக இருந்தவர் ஞானம்மாள். சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் சங்ககிரியில் லாரி டிரைவர். அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை இருந்த காலத்தில், முதலாளி ஏற்றிய அரிசியோடு பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார். அங்கேயே இறந்தார்; மஞ்சள் காமாலை என்றார்கள். முதலாளியை யாரும் பிடிக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத ஞானம்மாளுக்கு விடுதி அறைதான் வீடு. அவரைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. புருஷனுக்கு வேறு தொடுப்பு இருந்ததாம். ஆத்திரத்தில் போலீசுக்குத் துப்புக் கொடுத்தவளே இவள்தானாம். விடுதிப் பெண்கள் அவரிடம் திட்டு வாங்கிய அன்று இதைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சுமதி இறுதியாண்டு படிக்கும்போது, அவள் அப்பாவும் தாய்மாமனும் காரில் வந்து அவளை அழைத்துப் போனார்கள். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்கில் வேலை செய்த ஒரு பையனோடு அவளை பஸ் ஸ்டாண்டில் யாரோ பார்த்திருக்கிறார்கள். வேறு சாதிப் பையன். அந்த வாரமே சேதி வந்தது. வயிற்றுவலி, இறந்துவிட்டாள். சேதி வந்தபோது எரித்து முடித்திருந்தார்கள். எந்த டாக்டர் பார்த்தார், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டவர் வேறு யாரும் இல்லை. நான் கேட்டேன். துணை முதல்வர் என்னைத் தனியாக அழைத்து, "துக்கம் நடந்த வீடுங்க" என்றார்.

பையன் வடக்கே ரிக்கோடு போய்விட்டான். அவன் அண்ணன் கலெக்டருக்கு மனுக் கொடுக்கப் போவதாக ஒரு பேச்சு கிளம்பியது. அதற்குள் பழியை ஒரு தலையில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. மேட்ரன்தான் ஒரு வருடமாகத் தூது போய்ப் பெண்ணைக் கெடுத்துவிட்டாள் என்று தாய்மாமன் கல்லூரியில் புகார் சொன்னார். விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர்: நிர்வாகத்தில் இருந்த ஒரு பெரிய நிலக்காரர், துணை முதல்வர், நான்.

முதல் விசாரணை நிலக்காரர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. சாட்சிகள் ஒன்பது பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, முதலில் தாய்மாமனைப் பேசச் சொன்னார்கள். நம் பக்கத்துச் சபையில் பெரியவர் ஒருவர் முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டால், அடுத்தவர் மாற்றிச் சொல்வது மரியாதைக் குறைவு. அவர் பேசி முடித்தார். மற்ற எட்டுப் பேரும், "மாமா சொன்னதுதானுங்க" என்றார்கள். சமையல்காரம்மா இன்னும் ஒன்று சேர்த்தார்: "புருஷனையே புடிச்சுக் குடுத்தவளுக்கு இதெல்லாம் பெரிய காரியமுங்களா?" எட்டுத் தலையும் ஆடியது. காப்பி வந்தது. துணை முதல்வர், "ஒன்பது சாட்சி, ஒரே வாக்குமூலம். ரொம்பத் தெளிவா இருக்குது" என்றார்.

"ஒன்பது சாட்சி இல்லீங்க. ஒரு சாட்சி, எட்டு மரியாதை" என்றேன்.

நிலக்காரர் கப்பைக் கீழே வைத்தார். "வாத்தியாரே, என்ன பண்ணோணுங்கறீங்க?"

"ஒருத்தர் ஒருத்தரா, நூலகத்துல உக்கார வெச்சு மறுபடி கேக்கோணும். நீங்களே கூட இருங்க."

"அந்த இங்கிலாந்து அம்மாளுக்குப் பண்ணுன மாதிரியா?" என்று துணை முதல்வர் சிரித்தார். "அது லண்டன் சார். இது நாமக்கல்."

இருந்தாலும் நடந்தது. காவலாளி முதலில் வந்தார்.

"தூது போனத நீங்க பாத்தீங்களா?"

"ஊரே சொல்லுதுங்க சார்."

"ஊர விடுங்க. உங்களுக்குச் சொன்னது யாரு?"

"சமையக்காரம்மாங்க."

சமையல்காரம்மாவுக்குச் சொன்னவர் ஆபீஸ் பியூன். பியூனுக்குச் சொன்னவர் தாய்மாமனின் கார் டிரைவர். "எப்ப சொன்னாரு?" என்றேன். "புள்ள செத்ததுக்கப்புறம், பொட்டி படுக்கைய எடுத்துட்டுப் போக வந்தாருல்லங்க, அப்பத்தான்." எட்டுப் பேர் சொன்னதும் அந்த ஒரே வாயில் போய் முடிந்தது. சாவுக்கு முன்னால் இந்தப் பேச்சைக் கேட்டவர் எட்டில் ஒருவரும் இல்லை.

கடைசியாக வந்தவர் சங்ககிரிக்காரர், ஆபீசில் கிளார்க். மேட்ரன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிவந்த ஒரே ஆள். வருடக்கணக்கில் உலவிய அந்தப் பேச்சுக்கு அவர்தான் வேர்.

"பாத்தது மெய்யாங்க?"

"சாமி சத்தியமா பாத்தனுங்க. ஒரு தடவ இல்ல, பல தடவ."

"புருஷனப் புடிக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அந்தக் கேள்வி யாருடையது என்பது எனக்கு மட்டுந்தான் தெரியும். கிளார்க் என்னைப் பார்த்தார். "புடிச்சதுக்கு அப்புறந்தானுங்க. தூக்குப்போசியில சோறு கொண்டு போவாங்க. உள்ள விட மாட்டாங்க. வாசல்ல நிக்கும்."

"பின்ன ஏனுங்க காட்டிக் குடுத்தான்னு சொன்னீங்க?"

"நான் ஸ்டேஷன்ல பாத்தேன்னுதானுங்க சொன்னேன். மிச்சத்த அவங்கவங்க சொல்லிக்கிட்டாங்க." எழுந்துகொண்டே, "அப்புறம் நானும் அப்பிடியே சொல்லப் பழகிட்டனுங்க" என்றார்.

நிலக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானம்மாளை அழைத்தோம். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். "தூதெல்லாம் போகல சார். ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன். அது நான்தான். அந்தப் பையன் ரிக்கோட வடக்கே போறான், போறதுக்கு முன்னால ஒரு தடவ பாக்கணும்னு அந்தப் புள்ள சாப்பிடாம கெடந்துச்சு. தனியா விட்டா எங்கயாவது ஏறிப் போயிடும்னு பயமா இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல டீக்கடை பெஞ்சுல உக்காந்து பேசினாங்க. நான் எதிர்ல நின்னேன். முடிஞ்சதும் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"விதிக்கு விரோதம்னு தெரியாதா?" என்றார் துணை முதல்வர்.

"தெரியும் சார். காரு வந்தப்ப என்னை அனுப்பாதீங்கக்கான்னு அழுதுச்சு. அப்பா வந்து கூப்பிடறாரு, அனுப்பாம இருக்க எனக்கு என்ன அதிகாரம்? அனுப்பிட்டேன். என்னை விசாரிக்கணும்னா அதுக்கு விசாரிங்க."

தம்பி தங்கைகளே, இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ஒருவர் மேல் பொய்ப் பழி விழும்போது அவருடைய உண்மையான தவறையும் சேர்த்து மறைத்துவிட நம் கை துடிக்கும். எனக்கும் துடித்தது. மறைத்திருந்தால், அது வெளிவந்த அன்றே மற்ற எல்லாமும் மெய்யாகிவிட்டிருக்கும். நங்கையாளுக்கு நடந்தது அதுதான். செய்ததைச் செய்ததென்று எழுதினேன். செய்யாத இரண்டையும் தனித்தனியாக எழுதினேன்.

பிறகு பேரம் வந்தது. துணை முதல்வர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். அவர் வரைந்த அறிக்கையில், தூது போனாள் என்பதை எடுத்துவிட்டு, கவனக்குறைவு என்று மட்டும் போட்டிருந்தார். ஞானம்மாள் தானாக விலகிக்கொள்ளலாம். நல்ல நடத்தைச் சான்றிதழ் உண்டு. போலீஸ் புகார் கிடையாது. மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அறிக்கையின் முதல் பத்தியிலேயே இன்னொரு வாக்கியம் இருந்தது: மாணவி வயிற்றுவலியால் இயற்கை மரணம் அடைந்தாள் என்பது குழுவுக்குத் தெரிய வருகிறது.

"இதை நாம விசாரிக்கவே இல்லையேங்க."

"அது நம்ம வேலையும் இல்லீங்க. அந்த வரி இருந்தா அவங்க அமைதியாயிடுவாங்க. மேட்ரனுக்கும் பொழப்புப் போகாது. நீங்க ஒருத்தர் போடாட்டி ரெண்டும் கெடும்."

ஒரு மனுஷியின் சோறும் கூரையும் என் பேனாவில் இருந்தது. செத்தவளை இனி எழுப்ப முடியாது, இருப்பவளைக் காப்பாற்றலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விடுதிக்குப் போனேன். அவர் சுமதியின் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறிக்கையைப் படித்துக் காட்டினேன். ஈரத்துணியோடு நின்று முழுவதும் கேட்டார்.

"என் வீட்டுக்காரருக்கும் மஞ்சக்காமாலைன்னுதான் எழுதினாங்க சார். உடம்ப நான் குளிப்பாட்டினேன். என்ன பாத்தேன்னு ஒருத்தரும் கேக்கல." துணியைப் பிழிந்தார். "என்னைக் காப்பாத்தறதுக்காக அந்தப் புள்ளைக்கு வயித்துவலின்னு எழுதாதீங்க. அப்படி எழுதிட்டா அப்புறம் யாரு கேப்பாங்க?"

நான் கையெழுத்துப் போடவில்லை. மாணவி இறந்த விதம் விசாரிக்கப்பட வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதி, அதில் போட்டேன். இரண்டுக்கு ஒன்று. அவர்கள் முதலில் வரைந்ததையும் கிழித்துவிட்டு, தாய்மாமன் கேட்டபடியே அறிக்கை தந்தார்கள். ஞானம்மாளை நீக்கினார்கள். புகாரும் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் அவரை உட்கார வைத்தார்கள். அந்தச் செய்தி ஊருக்கு இனித்தது. சாட்சி சொல்ல யாரும் போகாததால் வழக்கு நிற்கவில்லை. அதற்குள் நான்கு விடுதிகள் அவருக்கு வேலை இல்லை என்று சொல்லியிருந்தன. என் குறிப்பின் நகலைக் கலெக்டர் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். பதில் வரவில்லை. பையனின் அண்ணன் மனுக் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கப் போகவில்லை. தாய்மாமன் அடுத்த விளையாட்டு விழாவில் பரிசு வழங்கினார்.

எண்பதுகளின் கடைசியில், என் பணியின் இறுதி வருடத்தில், துறைக்குப் புதிதாக ஓர் இளைஞர் வந்தார். நல்ல படிப்பாளி. ஆசிரியர் அறையில் ஒரு நாள் விடுதிப் பேச்சு வந்தபோது அவர் சொன்னார்: "முன்ன ஒரு மேட்ரன் இருந்துச்சாமுங்க சார். புருஷனக் காட்டிக் குடுத்து, ஒரு பொண்ணையும் கெடுத்துச் சாகடிச்சுதாம். கடைசியில சாகறப்ப, புருஷன் மேல பொய் சொன்னதுக்குத்தான் இந்தத் தண்டனைன்னு கோயில்ல எல்லாரு முன்னாலயும் ஒத்துக்கிட்டுச்சாம்."

நான் சாக்பீஸ் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எப்பச் செத்தாங்க?"

"அது தெரியலீங்க. ரொம்ப வருசம் ஆச்சுன்னாங்க."

அவரைச் சனிக்கிழமை சேலம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே என்று சொல்லவில்லை. ஒரு பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளியின் சமையல்கூடத்தில், நரைத்த தலையோடு ஒரு அம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "இவங்கதான் அந்த மேட்ரன்" என்றேன். இளைஞர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஞானம்மாளுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்; அவரைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"உக்காருங்க தம்பி. என்ன பாடம் நடத்தறீங்க?"

"வரலாறுங்க."

"சுமதியும் அதுதான் படிச்சுது." அவர் என் பக்கம் திரும்பினார். "அந்தப் புள்ள எப்படிச் செத்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா சார்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

ஞானம்மாளும் இப்போது இல்லை. படுக்கையில்தான் இறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இதை எழுதி வைத்திருக்கிறேன், பின்னால் யாரும் சேர்க்காமல் இருக்க. இங்கிலாந்து ராஜா கதை எதற்கு என்று கேட்ட தங்கைக்கு என் பதில் இது: 'முன்னாலயா, பின்னாலயா' என்ற சுமதியின் கேள்வியை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆனால் எனக்குத் தெரிந்து, சுமதிக்காக, அவள் எப்படி இறந்தாள் என்று கேட்டவர்கள் இதுவரை இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார்.